பாரிஸ் மாநகரத்துப் பல்கனிகள்



பல்கனி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மிற் சிலர்க்குப் பலகணி என்ற பழந்தமிழ்ச் சொல் நினைவுக்கு வரும். ஒலியில் இவ்விரண்டும் உடன்பிறந்தவை போலத் தோன்றினும் இவற்றிடையே உறவு யாதும் இல்லை. பலகணி என்பது பல கண்களையுடைய சாளரம். பல்கனியோ இத்தாலிய மொழியிலிருந்து பிற ஐரோப்பிய மொழிகளுக்குப் பரவிய சொல். அதன் வேரை ஆராய்வோர், உத்தரத்தைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல்லொன்றைக் காட்டுவர். சுவருக்கு வெளியே நீண்ட உத்தரம், அதன்மேல் ஒரு சிறு தளம், தளத்தின் விளிம்பில் ஒரு கிராதி. பல்கனி என்பது இவ்வளவே. பலகணியின் பின்னால் நிற்பவர் தாம் காணப்படாமலே தெருவைக் காணலாம். பல்கனியில் நிற்பவர்க்கு அந்த வசதி இல்லை. தெருவை அவர் பார்க்கின்றார். தெருவும் அவரைப் பார்க்கின்றது.

தெரு பார்க்கும் பல்கனியைப் பற்றியே இன்று பேசக் கருதுகின்றேன். அதற்கு மிகவும் ஏற்ற ஊர் பிரான்சின் தலைநகராகிய பாரிஸ். அந்நகரின் அகன்ற வீதியொன்றில் நின்று நிமிர்ந்து நோக்கினால், வெண்மஞ்சள் நிறச் சுண்ணக் கல்லாற் கட்டிய மாடிவீடுகள் ஒன்றோடொன்று தோள் சேர்ந்து நிற்கக் காணலாம். இடையிற் சந்தில்லை, வளவில்லை, மதிலில்லை. அக்கல்லின் மேல் இரண்டு கரிய கோடுகள் வீதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடும். கீழ்க் கோடு இரண்டாம் மாடியில். மேற்கோடு ஐந்தாம் மாடியில். பிரெஞ்சுக்காரர் நிலத்தளத்தை மாடியாக எண்ணுவதில்லை என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். அவ்விரு கோடுகளும் இரும்புக் கிராதியிட்ட நீண்ட பல்கனிகள். வீட்டின் அகலம் முழுவதும் நிற்காது செல்வதனால் இவற்றை ஓடும் பல்கனி என்ற பொருள்பட அவர்கள் அழைப்பர். இடையில் உள்ள மூன்றாம், நான்காம் மாடிகளிலே சாளரத்துக்கு ஒன்றாகச் சிறு கிராதிகள் மட்டும் இருக்கும்.

பார்ப்பவர்க்கு முதலில் எழும் ஐயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் உடையவர் வேறு. கட்டிய சிற்பி வேறு. செலவிட்ட பணமும் வேறு. அவ்வாறிருக்க, இந்தக் கோடு மட்டும் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு உயரம் மாறாமல் எவ்வாறு செல்கின்றது?

சட்டத்தினாற் செல்கின்றது என்பதே விடை. மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலத்திலே, 1853 முதல் 1870 வரை, பாரிஸ் நகரை உள்ளடக்கிய மாவட்டத்தின் ஆளுநராயிருந்தவர் ஓஸ்மான் என்பவர். இருளும் ஈரமும் நெரிசலும் மிகுந்த பழைய குடியிருப்புகளைப் பிளந்து அகன்ற வீதிகளை அவர் வெட்டினார். வீதியின் இருமருங்கும் எஞ்சிய நிலத்தை நகரசபை தனியார்க்கு விற்றபோது, ஒரே தொகுதியில் எழும் வீடுகளின் பல்கனியும் எழுதகமும் கூரையும் இயன்றவரை ஒரே மட்டத்தில் அமைய வேண்டும் என்ற நிபந்தனையும் பத்திரத்தில் ஏறியது. 1859ஆம் ஆண்டின் ஆணை, 20 மீற்றரோ அதற்கு மேலோ அகலமான வீதிகளில் வீட்டின் முகப்புச் சுவர் 20 மீற்றர்வரை உயரலாம் என்று வகுத்தது. அதற்குமேல் கூரை சாய்ந்து பின்வாங்க வேண்டும். வீதிக்கு வெயிலும் காற்றும் கிடைக்கச் செய்த ஏற்பாடு இது. அதற்கு முன்னரே, 1852ஆம் ஆண்டின் ஆணையொன்று, பத்து ஆண்டுக்கு ஒரு முறையேனும் முகப்பைத் துப்புரவாக்க வேண்டுமென்று வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்தியிருந்தது. வீடு தனியாருடையது, முகம் ஊருடையது. இந்தக் கொள்கையை இவ்வளவு கண்டிப்பாக நடைமுறைப்படுத்திய நகரங்கள் உலகில் மிகச் சிலவே.

பல்கனியின் அளவைப் பார்த்தாலும் இது விளங்கும். சுவரிலிருந்து அது நீளுவது ஏறக்குறைய 80 சதமமீற்றர். அகலத்தில் ஒரு முழ மேசையும் ஒரு நாற்காலியும் எதிரெதிராக வைக்க முடியாது. நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் பக்கவாட்டிற் போட்டால் ஒருவர் உட்காரலாம். அறைக் கதவுகள் தரைவரை இறங்கும் நெடுங்கண்ணாடிக் கதவுகள். அவை உள்நோக்கியே திறக்கும், வெளியே திறந்தால் நிற்க இடமிராது. நமது விறாந்தை வீட்டாரும் விருந்தாளியும் அயலாரும் கூடியிருக்கும் இடம். பாரிஸ் பல்கனி அவ்வாறு கூடி வாழ்வதற்காக அமைந்ததன்று. தெருவில் நடப்பவனுடைய கண் ஓடிச்செல்வதற்கு ஒரு கோடு வேண்டியிருந்தது, அதற்காக அமைந்தது.

இரண்டாம் மாடியில் அக்கோடு வந்ததற்குக் காரணம் எளிது. அக்காலத்தில் ஆட்களை ஏற்றியிறக்கும் பொறி கிடையாது. எல்லோரும் படியேற வேண்டும். நிலத்தளத்திற் கடை; அதன்மேல் பெரும்பாலும் கடைக்காரர் புழங்கும் தாழ்ந்த இடைத்தளம். அதற்கு மேலுள்ள இரண்டாம் மாடியே தெருப் புழுதிக்கும் இரைச்சலுக்கும் எட்டாமலும், கால் நோகாமலும் இருக்கும் தளம். ஆதலின் செல்வர் அங்கே குடியிருந்தனர். கூரையின் உயரம் அங்கே மிகுதி. சாளரங்களைச் சூழ்ந்த கல்வேலை மிகுதி. பல்கனியைத் தாங்கும் கொடுங்கைக் கற்களிலே சிங்க முகமும் இலைச் சுருளும் மிகுதி. படி ஏற ஏற வாடகை இறங்கும், வேலைப்பாடும் மெலியும்.

அப்படியாயின் ஐந்தாம் மாடிக்கு ஓடும் பல்கனி கிடைத்தது எதனால்? அங்கே குடியிருந்தவர் செல்வரல்லர். அவர்மீது இரக்கங்கொண்டு எவரும் அதனை அமைக்கவுமில்லை. நெடிய கற்சுவர் கூரையைச் சந்திக்கும் இடத்துக்கு அருகில், கீழ்க் கோட்டுக்கு ஈடாக மற்றொரு கோடு இல்லையேல் வீதியின் முகம் நிறைவுபெறாது என்று சிற்பிகள் கருதினர். வீதியின் அழகுக்கு வேண்டியிருந்தது. ஐந்தாம் மாடிக் குடும்பத்துக்குத் தற்செயலாகக் கிடைத்தது. வானத்தை மிக அருகிற் காணும் பல்கனி இவ்வாறு வாடகை குறைந்தவர் கையில் வந்து சேர்ந்ததை எண்ணும்போது, சட்டம் சில வேளைகளிலே தான் கருதாத நன்மையையும் செய்துவிடுகின்றது என்று தோன்றுகின்றது.

ஆறாம் மாடிக்கு அத்தகைய நன்மை எதுவும் கிட்டவில்லை. சாய்ந்த கூரையின் அடியில், நிமிர்ந்து நிற்கவும் இடம் போதாத சிற்றறைகளில், கீழ்த்தளத்துச் செல்வர்களின் பணிப்பெண்கள் உறங்கினர். அவர்கள் ஏறி இறங்குவதற்குக் கொல்லைப்புறம் வேறு படிக்கட்டு இருந்தது. வீதியில் நின்று பார்ப்பவர்க்கு அவர்களுடைய சாளரம் தெரிவதுகூட அரிது. ஐந்தாம் மாடிப் பல்கனியின் விளிம்பு அதை மறைத்துவிடும். பழைய குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றப்பட்ட தொழிலாளரோ அந்தக் கூரையடிக்கும் வரமுடியாமல், வாடகை உயர உயர, பெல்வில் முதலிய கிழக்கு, வடக்கு ஓரங்களுக்குச் சென்று சேர்ந்தனர்.

பெர்தால் என்ற கேலிச்சித்திரக்காரர் 1845ஆம் ஆண்டில் பாரிஸ் வீடொன்றை, அதன் முகப்புச் சுவரை அகற்றிவிட்டது போல, தளந்தளமாக வரைந்து காட்டினார். ஓஸ்மானுக்கு முந்திய வீடு அது. ஆயினும் கீழ்த்தளத்தின் சோம்பலான செல்வம் மேலே செல்லச் செல்ல வறுமையாக மாறுவதை ஒரே பார்வையிற் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியச் சமுதாயத்தை மாணவர்க்கு விளக்கப் பாடநூலின் இருபது பக்கத்திலும் அந்த ஒரு படம் பயன்படும் என்பது வரலாறு கற்பித்த அநுபவத்தில் யான் கொண்ட கருத்து. பின்னர், 1882இல், எமில் சோலா தமது நாவலொன்றில் முகப்பில் அழகும் உள்முற்றத்தில் அழுக்கும் நிறைந்த இத்தகைய மாடிவீட்டையே கதைக்களமாக்கினார்.

இனி, கிராதிக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸ் கிராதிகள் தேனிரும்பில் ஆனவை. கொல்லன் கம்பியைக் காய்ச்சி அடித்து, வளைத்து, முனையைச் சுருட்டி, பட்டையிட்டு இணைப்பான். கம்பி எங்கே மெலிகின்றது, எங்கே தடிக்கின்றது என்பதில் அவன் கையின் வேகம் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வார்ப்பிரும்பு வந்தது. மரத்தில் ஒரு முறை செதுக்கிய உருவை ஈரமணலில் அழுத்தி எடுத்து, அந்தப் பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்றினாற் போதும். ஒரே பூங்கொத்து நூறாகவும் ஆயிரமாகவும் பெருகும். பிரான்சின் கிழக்கே ஓத்மார்ன் பகுதியில் இருந்த வார்ப்பாலைகள் தங்கள் உருப்படிகளைப் படமும் இலக்கமும் இட்டுத் தடித்த விலைப்பட்டியல்களாக அச்சிட்டன. வீடு கட்டுவோர் அவற்றைப் புரட்டி இலக்கத்தைக் குறித்து அனுப்பினால், கிராதி புகைவண்டியில் வந்திறங்கும்.

இது கலையின் வீழ்ச்சி என்று கூறுவாரும் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. வார்ப்பிரும்பு பாரமானது, எளிதில் உடையக்கூடியது. தேனிரும்பின் நெளிவு அதற்கு வாராது. ஆயினும் ஒரு பெரிய நகரம் முழுவதற்கும் கொல்லர் அடித்துக் கொடுப்பது இயலாத காரியம். மேலும், பட்டியலிலிருந்து வந்த உருப்படிகளேயானாலும் அடுத்தடுத்த வீடுகளில் வெவ்வேறு உருக்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. ஒரு வீட்டிலே சுருள், அடுத்ததிலே வட்டம், அதற்கடுத்ததிலே கொடியும் இலையும். உயரம் மாறுவதில்லை, கோலம் மாறுகின்றது. சட்டம் கோட்டை மட்டும் கேட்டது, கோலத்தை வீட்டுக்காரன் விருப்பத்துக்கு விட்டது. அவ்வீதிகள் படைவீரர் அணிவகுப்புப் போலச் சலிப்பூட்டாமல் இருப்பதற்கு இந்தச் சிறு சலுகையே பெரிதும் காரணம் என்பேன்.

ஓடும் பல்கனியில் அயலவர் பல்கனிக்கு நடந்துசெல்லலாமா என்று நேயர்கள் கேட்கக்கூடும். செல்ல முடியாது. இரண்டு குடியிருப்புகள் சந்திக்கும் இடத்திலே கூரிய முனைகளை விசிறி போல விரித்த ஓர் இரும்புத் தடுப்பு நிற்பதை அங்கே பலவிடங்களிற் காணலாம். கள்வனுக்கு அஞ்சி வைத்தது. தெருவில் நிற்பவர்க்கு ஒரே பல்கனி. உள்ளே நிற்பவர்க்கு முள் வைத்த எல்லை.

உள்ளே நிற்பவர் கண்ணுக்கு இப்பல்கனி எவ்வாறு தோன்றியது என்பதை அறிய ஓவியர்களிடம் செல்ல வேண்டும். 1869ஆம் ஆண்டின் கண்காட்சியில் எதுவார் மனே பல்கனி என்ற பெயரிலேயே ஓர் ஓவியத்தை வைத்தார். பச்சை நிறக் கிராதிக்குப் பின்னே வெள்ளுடை அணிந்த பெண்கள் இருவர். அமர்ந்திருப்பவர் பெர்த் மொறிசோ, அவரும் பேர்பெற்ற ஓவியரே. பின்னால் ஓர் ஆடவர். மூவரும் மூன்று திசையை நோக்குகின்றனர்; ஒருவரையொருவர் நோக்குவதில்லை. தெருவுக்குக் காட்சியளிக்க வந்து நிற்போரின் நிலை அதுவே. பார்த்தவர்கள் அக்காலத்தில் அதை எள்ளினர். இன்று அது பாரிஸ் ஓர்சே நூதனசாலையின் பெருமைகளுள் ஒன்று. 1873ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் குளோட் மொனே கப்புசீன் வீதியை மாடியிலிருந்து வரைந்தபோது, ஓவியத்தின் வலது ஓரத்தில் பல்கனியிலிருந்து எட்டிப் பார்க்கும் நெடுந்தொப்பி மனிதரையும் சேர்த்துவிட்டார்.

இவர்களிலும் பல்கனியை நன்கறிந்தவர் குஸ்தாவ் கையெபோத். பொருள்வளம் மிக்க குடும்பத்தில் 1848இற் பிறந்தவர். ஓஸ்மான் பெயரைத் தாங்கிய வீதியிலேயே மாடியிற் குடியிருந்தவர். பல்கனியில் நின்று கீழே நோக்கும் மனிதரைப் பலமுறை வரைந்தார். அவருடைய ஓவியங்களுள் 1880ஆம் ஆண்டின் சிறு ஓவியமொன்று என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. அதில் மனிதர் இல்லை. ஓவியம் முழுவதையும் நிறைத்து நிற்பது கிராதியின் இரும்புச் சுருள்களே. அவற்றின் இடுக்குகளினூடே வீதி மங்கலாகத் தெரிகின்றது. வீதியிலிருந்து பார்க்கும்போது பூங்கொடியாகத் தோன்றும் வேலைப்பாடு, உள்ளிருந்து பார்க்கும்போது கம்பிக் கதவாகிவிடுகின்றது. அழகு முழுவதும் வெளிப்புறத்தை நோக்கியே செய்யப்பட்டது. உள்ளே இருப்பவர்க்கு அதன் முதுகே கிடைத்தது. பல நூல்கள் விரித்துரைக்கும் கருத்தை அந்த ஓவியர் ஒரு துண்டுத் துணியிற் காட்டிவிட்டார்.

மாடிகளின் இந்த வரிசைமுறையைக் குலைத்தது புரட்சியன்று, ஒரு பொறி. 1867ஆம் ஆண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சியில் லியோன் எதூ என்ற பொறியியலர் நீரின் அழுத்தத்தால் ஆட்களை மேலே தூக்கும் லிப்டை இயக்கிக் காட்டினார். அந்நூற்றாண்டின் இறுதியில் நல்ல மாடிவீடுகளில் அது இடம்பெறத் தொடங்கியது. படிக்கட்டின் களைப்பு நீங்கவே, ஒளியும் காற்றும் தூரக்காட்சியும் உடைய ஐந்தாம் மாடியின் மதிப்பு ஏறியது. ஏழையர்க்குத் தற்செயலாகக் கிடைத்த பல்கனி இன்று உயர்ந்த விலைக்குரியது. பணிப்பெண்களின் கூரையறைகளிற்கூட இப்பொழுது மாணவரும் தனியாட்களும் வாடகைக்கு இருக்கின்றனர். குடியிருக்கத் தகுந்த அறை பொதுவாக 9 சதுர மீற்றருக்குக் குறையலாகாது என்று 2002ஆம் ஆண்டின் அரசாணை சொல்ல வேண்டியிருந்தது. அவ்வறைகளின் நெருக்கடியை இதைவிடத் தெளிவாக எடுத்துரைக்க இயலாது.

கொரோனா நோய் பரவிய 2020ஆம் ஆண்டில், மார்ச் 17ஆந் திகதி முதல் பிரான்சில் மக்கள் வீட்டோடு அடைபட்டபோது, அந்த 80 சதமமீற்றர் அகலத்தை எண்ணிப் பார்த்தவர் பலர். இரவு எட்டு மணிக்கு மருத்துவமனைப் பணியாளர்க்கு நன்றியாக எல்லோரும் பல்கனிக்கும் சாளரத்துக்கும் வந்து கைதட்டினர். அப்பொழுது வீதி வெறுமையாயிருந்தது. பல்கனிகளே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

பல்கனியைக் குடியிருப்பவர்க்கே உரியதாக்க முடியாதா என்ற எண்ணம் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே சில சிற்பிகளுக்குத் தோன்றியிருந்தது. அவர்களைப் பற்றிக் கூறாமல் இப்பேச்சை முடிக்க இயலாது. 1895க்கும் 1898க்கும் இடையில் எக்தோர் கிமார் என்ற இளைஞர் பாரிஸின் மேற்குப் பகுதியிலே 36 குடியிருப்புகள் கொண்ட கஸ்தெல் பெறாஞ்சே என்னும் மாடிவீட்டைக் கட்டினார். பின்னாளில் நிலக்கீழ்ப் புகையிரத நிலைய வாயில்களால் உலகப் புகழ்பெற்றவரும் இவரே. இக்கட்டடத்தின் பல்கனிக் கிராதிகளிலே தாடியும் மீசையும் இரும்புக் கம்பியாய் நெளியும் விந்தை முகங்கள் வீதியைப் பார்த்து நிற்கின்றன. ஓடும் கோட்டை அவர் மதிக்கவில்லை. ஒவ்வொரு பல்கனியும் அதனதன் அறைக்கு ஏற்ப அமைந்தது. பெயரின் ஓரெழுத்தை மாற்றி, நிலைகுலைந்த மாளிகை என்று பொருள்படக் கஸ்தெல் தெறாஞ்சே என ஊரார் கேலி செய்தனர். நகரசபையோ சிறந்த முகப்புகளுக்கு நடத்திய முதற் போட்டியிலே அதற்குப் பரிசளித்தது. ஒழுங்கைக் கட்டாயமாக்கிய நகரசபையே ஒழுங்கை மீறியதற்கும் பரிசு கொடுத்தது வியப்புக்குரியது. தன் வீதிகள் சலிப்பூட்டுகின்றன என்ற குறையை அதுவும் உணர்ந்திருந்தது போலும். முகப்புகள் மேலும் முன்னே நீளுவதற்கு 1902ஆம் ஆண்டின் விதிகள் இடங்கொடுத்தன.

கிமார் அழகை மாற்றினார். பயனை மாற்றியவர் ஆன்றி சோவாஜ். காசநோய் பாரிஸ் மக்களைக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. வெயிலும் காற்றுமே அதற்கு எதிரான காப்பு என மருத்துவர் நம்பினர். சோவாஜ், தம் கூட்டாளி சராசன் என்பவரோடு சேர்ந்து, 1912இல் வாவன் தெருவில் ஒரு வீட்டைத் தொடங்கினார். அதன் மேல்மாடிகள் படிக்கட்டுப் போல ஒவ்வொன்றும் பின்வாங்கிச் செல்கின்றன. ஆதலின் ஒரு தளத்தின் கூரையே மேலுள்ள தளத்துக்கு முற்றமாகின்றது. வீதியை நோக்கித் தொங்கும் ஒடுங்கிய பல்கனி அங்கே இல்லை. வானம் பார்த்த திறந்த முற்றம் உண்டு. சுவர் முழுவதும் கழுவுதற்கு எளிதான வெள்ளை ஓடுகள். செடி வளர்க்கவும் சிறுவர் வெயிற் காயவும் அங்கே இடம் போதும்.

வாவன் தெரு வீடு வசதியுள்ளோர்க்குக் கட்டியது. ஆனால் சோவாஜ் அதே முறையை நகரின் வடக்கே, தொழிலாளர் வாழும் அமிறோ தெருவில், 1920களில் நகரசபையின் குறைந்த வாடகைக் குடியிருப்புக்கும் கையாண்டார். மாடிகள் பின்வாங்கிச் செல்வதனால் கட்டடத்தின் நடுவயிற்றில் வெளிச்சம் குறைந்த பெரிய வெற்றிடம் ஒன்று எஞ்சும். இத்தகைய கட்டடத்தின் தீராத இடர் அது. அந்த இடத்தில் அவர் ஒரு நீச்சற் குளத்தை அமைத்தார். 1930இல் திறந்த அந்தக் குளத்தில் அயலிலுள்ளோர் இன்றும் நீந்துகின்றனர். அதன் இருபுறமும் மேலே, வெள்ளை ஓடு பதித்த முற்றங்கள் படிப்படியாய் ஏறுகின்றன.